தாத்தாவைப் பெற்றவர்கள் யார்?
ஸ்காட்லாந்தின் பழைய தேவாலய ஏடுகள் சொல்லும் விடை

நிபோங் திபாலில் இருக்கும் கலிடோனியா தோட்டத்தின் பெயர் நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கலிடோனியா என்றால் என்ன பொருள் என்று கேட்டால் சிலர்தான் சொல்வார்கள். ஸ்காட்லாந்து நாட்டை ரோமானியர்கள் அழைத்த பழைய பெயர் அது. 1821-ல் சிங்கப்பூரில் தொழில் தொடங்கிய அலெக்சாந்தர் கத்ரி ஒரு ஸ்காட்லாந்துக்காரர். மலாயாத் தோட்டங்களில் துரைகளாக இருந்தவர்களிலும் அந்த நாட்டார் பலர்.

ஆனால் இந்தக் கட்டுரை துரைமார்களின் பெருமையைப் பேச வந்ததல்ல. அவர்கள் நாட்டிலும் ஏர் உழுதவன் இருந்தான், நிலக்கரி வெட்டியவன் இருந்தான், தறி நெய்தவன் இருந்தான். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாமல், ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளியிடம் மாறி மாறிப் போய்ப் பிழைத்த ஏழைகள் அவர்கள்.

அப்படி வாழ்ந்து இறந்துபோன ஒரு பண்ணையாளின் அப்பா யார், அம்மா யார், அந்த அம்மா எந்தக் குடும்பத்துப் பெண் என்பதை இன்றைக்கு அவருடைய எள்ளுப் பேரன் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. இருநூறு ஆண்டுக்கு முந்திய சங்கதி! சொத்துப் பத்திரம் கிடையாது, கல்லறைக் கல் கிடையாது. பிறகு எப்படி? யாரோ ஒருவர் அன்றைக்கே ஒரு ஏட்டில் எழுதி வைத்தார், அவ்வளவுதான். எழுதியது எப்படிக் காப்பாற்றியது, எழுதாமல் விட்டது எப்படிக் குடும்பங்களையே மறையச் செய்தது என்பதுதான் நாம் பார்க்கப்போகும் கதை.

ஏடுகள் எப்படிப் பிறந்தன?

ஸ்காட்லாந்து முழுவதும் முன்பு பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு தேவாலயம், அதைச் சுற்றியுள்ள ஊர்கள், பண்ணைகள் எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாலும், கல்யாணத்துக்கு ஓலை வாசித்தாலும், யாரையாவது அடக்கம் செய்தாலும், அதை அந்தப் பங்கின் ஏட்டில் எழுதவேண்டும் என்பது சபையின் விதி. பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரே சபைக்கும் எழுத்தராக இருந்தார். நம் தோட்டங்களிலும் கடிதம் எழுத, மனு எழுத எல்லாரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரைத் தேடிப் போனதில்லையா? அதே போலத்தான்.

இவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயர் மாவட்டத்து எரல் என்ற பங்கின் ஏடு. அது 1553-ல் தொடங்குகிறது. அங்கே தொடங்கி 1854 வரை, சுமார் 900 பங்குகளிலிருந்து ஏறத்தாழ 3,500 ஏடுகள் இன்றும் இருக்கின்றன. எல்லாப் பங்குகளும் எரலைப் போல அல்ல. மலைநாட்டிலும் தீவுகளிலும் பல பங்குகளில் 1700-க்குப் பிறகுதான், சிலவற்றில் 1800-க்குப் பிறகுதான் ஏடே தொடங்குகிறது.

1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே கட்டாயமாகப் பதியத் தொடங்கியது. பழைய ஏடுகள் படிப்படியாக எடின்பரோ நகருக்குக் கொண்டுவரப்பட்டன. ஆகவே தேடுகிறவர்களுக்கு 1855 ஓர் எல்லைக் கல். அதற்கு இந்தப் பக்கம் அரசாங்கப் பதிவு, அந்தப் பக்கம் தேவாலய ஏடு.

பின்னோக்கி நடக்கவேண்டும்

முன்னோரைத் தேடுகிறவர்கள் பிறப்பிலிருந்து தொடங்குவதில்லை, இறப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஜேம்ஸ் என்ற பண்ணையாள் 1872-ல், 65 வயதில் இறந்தார். அவரைப் பெற்றவர்கள் யார் என்று தெரியவேண்டும்.

முதல் படி, அவருடைய இறப்புப் பதிவு. ஸ்காட்லாந்தின் இறப்புப் பதிவில் ஒரு சிறப்பு உண்டு. இறந்தவரின் தகப்பன் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். தாயின் பெயரும், கல்யாணத்துக்கு முன் அவளுக்கு இருந்த குடும்பப் பெயரும் இருக்கும். அதே காலத்து இங்கிலாந்து இறப்புப் பதிவில் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது படி, குடிக்கணக்கு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கில் வீட்டிலிருந்த ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1841 கணக்கை அப்படியே நம்பக்கூடாது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் அதில் 30 என்று இருப்பார். 1851 கணக்கு முதல் எந்தப் பங்கில் பிறந்தார் என்பதும், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் வருகின்றன. ஜேம்ஸ் பிறந்த பங்கு இப்படித்தான் கிடைக்கிறது.

மூன்றாவது படி, அந்தப் பங்கின் ஞானஸ்நான ஏடு. 1807-ஐ ஒட்டி இரண்டு மூன்று ஆண்டு முன்னும் பின்னும் பார்க்கவேண்டும். தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் குடும்பப் பெயர் மூன்றும் இறப்புப் பதிவோடு ஒத்துவந்தால், ஆளைப் பிடித்தாகிவிட்டது!

நான்காவது படி, பெற்றோரின் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓலை வாசிக்கவேண்டும். மணமக்கள் இருவரும் வெவ்வேறு பங்கு என்றால் இரண்டு ஏட்டிலும் பதிவு இருக்கலாம். ஒன்றில் விட்டுப்போன செய்தி மற்றொன்றில் கிடைக்கும். பல இடங்களில் ஓலை வாசிக்கும்போது ஒரு தொகையை முன்பணமாகக் கட்டச் சொல்வார்கள். கல்யாணம் நடக்காமல் போனால் அந்தப் பணம் ஏழைகள் நிதிக்குப் போய்விடும்.

தாயின் பெயர்தான் சாவி

இந்தத் தேடலில் நாம் கவனிக்கவேண்டிய முக்கியமான செய்தி ஒன்று. ஸ்காட்லாந்தில் ஒரு பெண் கல்யாணம் ஆன பிறகும் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. ஞானஸ்நான ஏட்டிலும், இறப்புப் பதிவிலும், கல்லறைக் கல்லிலும்கூட அந்தப் பெயரே நிற்கும். இங்கிலாந்தின் பழைய ஏடுகளில் பெரும்பாலும் தாயின் முதற்பெயர் மட்டும்தான் இருக்கும், அதோடு சரி.

இதனால் என்ன லாபம்? ஒரே பங்கில் ஜான் ஸ்மித் என்று நான்கு பேர் இருந்தால் ஜேம்ஸ் யாருடைய மகன் என்று தகப்பன் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? தாயின் குடும்பப் பெயரைச் சேர்த்துப் பார்த்தால்தான் நான்கு ஜான் ஸ்மித்துகளையும் பிரிக்க முடியும். வீட்டுக்குள்ளேயே அடங்கி வாழ்ந்த ஒரு தாயின் பெயர்தான் இருநூறு ஆண்டு கழித்துக் குடும்பத்தைத் திறக்கும் சாவியாகிறது.

1855-ஆம் ஆண்டு ஒரு தனி அதிசயம். அரசாங்கப் பதிவு தொடங்கிய அந்த ஒரே ஆண்டில் மட்டும் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், கல்யாணம் நடந்த நாளும் இடமும், அந்தத் தாய்க்கு முன்பே பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் உயிரோடு, எத்தனை பேர் இறந்துவிட்டார்கள் என்பதுவரை கேட்டு எழுதினார்கள். எழுதுகிறவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. மறு ஆண்டே பாதியைக் குறைத்துவிட்டார்கள். தன் தாத்தாவின் கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்காவது 1855-ல் பதிவு இருந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அடித்தது யோகம்!

பேரன் என்றால் பெயரன்

தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பேரன். ஸ்காட்லாந்திலும் இதே வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். மூன்றாம் மகனுக்கு அப்பாவின் பெயர். பெண்களில் மூத்தவளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி, இரண்டாமவளுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி, மூன்றாமவளுக்கு அம்மா.

அந்நாட்டின் புகழ்பெற்ற கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஏர் பங்கின் ஏட்டில் அவருடைய பதிவு இருக்கிறது. அலோவேயில் வசிக்கும் வில்லியம் பர்ன்ஸுக்கும் அவர் மனைவி ஆக்னஸ் பிரவுனுக்கும் முறைப்படி பிறந்த மகன் ராபர்ட் என்றும், பிறந்த நாள் 1759 ஜனவரி 25 என்றும் அதில் கண்டிருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்த போதகரின் பெயரும் சாட்சிகள் இருவரின் பெயரும்கூட உண்டு. தகப்பனார் அப்போது தோட்டக்கார வேலை பார்த்த ஏழை. பின்னாளில் மகன் உலகப் புகழ் பெறுவான் என்று ஏட்டில் எழுதிய கைக்கு என்ன தெரியும்? எந்த ஏழைக்கும் எழுதியது போலத்தான் எழுதியது.

இனிப் பெயர்களைப் பாருங்கள். கவிஞரின் தகப்பனைப் பெற்ற தாத்தா பெயர் ராபர்ட். தாயைப் பெற்ற தாத்தா பெயர் கில்பர்ட். மூத்த மகன் ராபர்ட், இரண்டாமவன் கில்பர்ட், மூன்றாமவன் தகப்பன் பெயரில் வில்லியம்! வழக்கம் அச்சுப் பிசகாமல் நிற்கிறது. ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் தாத்தாக்களின் பெயரை ஊகிக்க முடிவது இதனால்தான். ஆனாலும் இது வழக்கமே தவிரச் சட்டமல்ல. ஊகத்தை ஏட்டில் சரிபார்த்த பிறகுதான் ஏற்கவேண்டும்.

இன்னொன்றும் இதே குடும்பத்தில் தெரிகிறது. தகப்பனார் தம் பெயரைப் பர்னஸ் என்று எழுதினார், மகன்கள் பர்ன்ஸ் ஆக்கிக்கொண்டார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. நம் தோட்டத்து ஆபீசில் கிராணிமார் எழுதியதில் ஒரே வீட்டில் அண்ணன் பெயர் ஒரு மாதிரியும் தம்பி பெயர் வேறு மாதிரியும் ஆனதில்லையா? தேடுகிறவர்கள் எழுத்தை மட்டும் பார்க்காமல் ஓசையையும் பார்க்கவேண்டும்.

வடக்கே ஷெட்லந்து தீவுகளில் நம்மைப் போலவே தகப்பன் பெயரையே இணைத்துக்கொண்டார்கள். மேக்னஸ் மகன் ஆண்ட்ரூ என்றால் ஆண்ட்ரூ மேக்னசன். அவருடைய பிள்ளைக்கு அந்தப் பெயர் வராது, ஆண்ட்ரூவின் மகன் என்றே வரும். அங்கே தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவதால் தேடல் இன்னும் கடினம்.

நூல் அறுந்த இடங்கள்

எல்லாருக்கும் எல்லாமும் கிடைத்துவிடுவதில்லை. நூல் அறுந்துபோகும் இடங்கள் உண்டு. அவற்றில் பல, ஏழைகளின் பக்கம்தான் அறுகின்றன.

பண்ணையாட்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவர்களல்லர். ஆள் பிடிக்கும் சந்தை கூடும், ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ பேசி வேலைக்குப் போவார்கள். தவணை முடிந்தால் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணை. ஆகவே ஒரே குடும்பத்தின் ஐந்து பிள்ளைகள் ஐந்து பங்குகளின் ஏட்டில் சிதறிக் கிடக்கலாம். தோட்டம் மாறித் தோட்டம் போன நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

1783-ல் அரசாங்கம் ஒரு வரி போட்டது. ஏட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ். பிறப்புக்கும் வரி, கல்யாணத்துக்கும் வரி, சாவுக்கும் வரி! கூலிக்காரன் என்ன செய்வான்? பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தான், ஏட்டில் மட்டும் எழுதவில்லை. 1794-ல் வரி நீங்கியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பல பங்குகளில் ஏடு மெலிந்துபோயிற்று. அந்தக் காலத்தில் பிறந்தவரைத் தேடுகிறவர்கள் இன்றும் வெறும் கையோடு திரும்புவதுண்டு. மூன்று பென்ஸ் மிச்சம் பிடித்த கதை இருநூறு ஆண்டு கழித்துப் பேரனின் கையில் வெற்றுப் பக்கமாக வந்து சேர்கிறது.

சபைப் பிளவுகளும் உண்டு. 1733 முதல் சிலர் தேசியச் சபையை விட்டுப் பிரிந்தார்கள். 1843-ல் சுமார் 1,200 போதகர்களில் 450-க்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக வெளியேறித் தனிச் சபை கண்டார்கள். அவர்களோடு போன குடும்பங்களையும், கத்தோலிக்கக் குடும்பங்களையும் பங்கின் ஏட்டில் தேடினால் கிடைப்பது அரிது. அந்தந்தச் சபையின் ஏட்டைப் பார்க்கவேண்டும்.

அவமானம் அடையாளமான கதை

ஏட்டில் ஆள் இல்லை என்றால் முடிந்தது என்று அர்த்தமல்ல. வேறு சில புத்தகங்களும் இருக்கின்றன.

சபை மூப்பர்களின் மன்றம் ஊராரின் ஒழுக்கத்தை விசாரித்து வந்தது. கல்யாணம் ஆகாத பெண் தாயானால் அவளைக் கூப்பிட்டுத் தகப்பன் யார் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பெயர் சொன்னதும் அவனையும் அழைப்பார்கள். சபை நடுவே நிற்க வைத்துக் கண்டிப்பார்கள். கவிஞர் பர்ன்ஸும் தப்பவில்லை. ஜீன் ஆர்மர் என்ற பெண் விஷயமாக 1786-ல் மோக்லின் தேவாலயத்தில் எல்லார் முன்னும் கண்டிக்கப்பட்டார். பிறகு 1788 ஆகஸ்ட் 5 அன்று அதே மன்றம் அவர்கள் இருவரையும் கணவன் மனைவி என்று ஒப்புக்கொண்டது.

அன்றைக்கு அந்தப் பெண்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. ஆனால் அந்தக் குறிப்பில்தான் பிள்ளையின் தகப்பன் பெயர் நிற்கிறது. வேறு எங்கும் இராது.

சாவுக்கென்று தனிப் பதிவு பல பங்குகளில் இல்லை. ஆனால் சவப்பெட்டியின் மேல் போர்த்த ஒரு துணியை சபை வாடகைக்குக் கொடுத்தது. அந்த வாடகைக் காசு ஏழைகள் நிதிக்குப் போனது. காசு வரவு எழுதிய கணக்கில் யாருக்காகத் துணி போனது என்று பெயர் இருக்கும். இறப்புப் பதிவு இல்லாத இடத்தில் அந்தத் துணிக் கணக்கே சாட்சி!

நிலக்கரிச் சுரங்கத்தார் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். 1606-ல் வந்த ஒரு சட்டத்தால் சுரங்கக் கூலிகள் முதலாளிக்குக் கட்டுப்பட்டவர்களானார்கள். அவன் அனுமதியில்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது முதலாளி பெற்றோர் கையில் கொஞ்சம் காசு கொடுப்பான். வாங்கிவிட்டால் அந்தக் குழந்தையும் வளர்ந்து அதே சுரங்கத்துக்குத்தான் போகவேண்டும். கங்காணி முன்பணத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியாமலா போகும்? 1775-லும் 1799-லும் வந்த சட்டங்களால்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

ஏமாறாமல் இருக்க

பெயர் ஒத்துப்போனதும் துள்ளிக் குதிக்கக்கூடாது. அனுபவப்பட்டவர்கள் சில விதிகளைக் கைக்கொள்கிறார்கள்.

இறப்புப் பதிவில் உள்ளதைச் சொன்னவர் யார் என்று பார்க்கவேண்டும். மகன் சொல்வது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது வேறு. மருமகனுக்கு மாமனாரின் அம்மா பெயர் தெரியாமல் இருக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். நம் ஊர்க் கைநாட்டு மாதிரி.

அதே பெயரில், அதே பங்கில் இன்னொரு குழந்தை இல்லை என்று நிச்சயப்படுத்தவேண்டும். இருந்தால் அந்தக் குழந்தை சிறுவயதில் இறந்ததா, வளர்ந்து வேறெங்காவது வாழ்ந்ததா என்று பின்தொடரவேண்டும்.

கூடப் பிறந்தவர்களையும் தேடவேண்டும். நமக்கு வேண்டியவரின் பதிவு குறையாக இருந்தாலும் தம்பி, தங்கையின் பதிவு நிறைவாக இருக்கலாம். சாட்சிகளின் பெயரையும் விடக்கூடாது. பெரும்பாலும் அவர்கள் சித்தப்பாவோ மாமனோ, பக்கத்துப் பண்ணைக்காரரோதான்.

இன்றைக்கு

இந்த ஏடுகள் எல்லாம் இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசியப் பதிவகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஏடுகளின் படத்தைக் கட்டணம் கட்டி வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்கவும் விதி உண்டு. பிறப்புக்கு 100 ஆண்டும், கல்யாணத்துக்கு 75 ஆண்டும், இறப்புக்கு 50 ஆண்டும் கழிந்த பிறகே பதிவின் படம் கணினியில் வரும். குடிக்கணக்கும் 100 ஆண்டு பூட்டியே இருக்கும். 1921-ஆம் ஆண்டின் கணக்கு 2022-ல்தான் திறக்கப்பட்டது.

கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் பேரப்பிள்ளைகள் தேடி வருகிறார்கள். அவர்கள் தேடுவது பட்டமோ பணமோ அல்ல. ஒரு பண்ணையாளின் பெயர், அவன் மனைவியின் பெயர், ஒரு சின்ன ஊர். அது கிடைத்ததும் கண் கலங்குகிறவர்கள் உண்டு.

வாசகர்களே, எழுதிய பெயர் என்ன செய்யும் என்பதை நாமும் அறிவோம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கும் நீல அடையாள அட்டைக்கும் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ரஜூலா கப்பலில் வந்த பாட்டனின் பெயர் தெரியும். அவரைப் பெற்றவள் பெயர் எத்தனை வீட்டில் தெரியும்?

ஸ்காட்லாந்து ஏழைக்கு ஒரு வாத்தியாரின் ஏடு இருந்தது. நம் வீட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், அவர்களைப் பெற்றவர்கள் பெயர், புறப்பட்ட ஊர், கப்பலேறிய ஆண்டு, வேலை செய்த தோட்டங்கள் வரிசையாக. முக்கியமாகப் பாட்டி எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பதை விட்டுவிடாதீர்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் கீழே குறித்து வையுங்கள். இதற்கு மூன்று பென்ஸ் வரிகூடக் கிடையாது.